2016 ஃபைனல்ஸ்: அந்த ஒரு பிளாக்கை ஓரமாக வைத்துவிட்டு லெப்ரானைப் பேசலாமா?

கூடைக்கிறுக்கன்:
ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கதைதான். 2016 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) ஃபைனல்ஸ் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், உடனே அந்த வீடியோவைப் போட்டுவிடுவார்கள். ஏழாவது ஆட்டம், கடைசி இரண்டு நிமிடம், எதிரணி இகுடாலா கூடைக்கு அருகே போய்ப் போட்ட லே-அப், லெப்ரான் பேக்போர்டோடு சேர்த்து அறைந்த பந்து, அதோடு பேச்சு முடிந்தது. அந்த பிளாக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சொந்த மண்ணின் அணிக்காக ஒரு ஆட்டக்காரர் ஆடிய மிகச் சிறந்த ஃபைனல்ஸ் என்று நான் அந்தத் தொடரைச் சொல்வதற்குக் காரணம் அது இல்லை. ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்கள்தான் காரணம், அவற்றைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரே இருந்தது அந்த சீசனில் 73 ஆட்டங்கள் வென்று 9 மட்டுமே தோற்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், 1995-96 சிகாகோ புல்ஸின் 72-10 சாதனையை உடைத்தவர்கள். முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குக் கோப்பை என்ற தொடரில் லெப்ரானின் கிளீவ்லண்ட் கேவலியர்ஸ் (கேவ்ஸ்) 3-1 என்று பின்தங்கிவிட்டது. அதற்கு முன் ஃபைனல்ஸில் 3-1 என்று பின்தங்கிய 32 அணிகளில் ஒன்றுகூடக் கோப்பையைத் தூக்கியதில்லை. ஐந்தாவது ஆட்டம் ஓக்லண்டில். லீக் ஆட்டங்களில் வாரியர்ஸ் தங்கள் மைதானத்தில் 39 வென்று 2 தோற்றிருந்தார்கள். அங்கே போய் லெப்ரான் 41 புள்ளி, 16 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடித்தது), 7 அசிஸ்ட் (புள்ளியாக முடிந்த பாஸ்). மூன்று நாள் கழித்து கிளீவ்லண்டில் மறுபடியும் 41 புள்ளி, கூடவே 8 ரீபவுண்ட், 11 அசிஸ்ட். இரண்டில் எதில் சறுக்கியிருந்தாலும் ஏழாவது ஆட்டமே கிடையாது, பிளாக்கும் கிடையாது.

தொடர் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் 208 புள்ளி, 79 ரீபவுண்ட், 62 அசிஸ்ட், 18 ஸ்டீல் (பறித்த பந்து), 16 பிளாக் (தடுத்த ஷாட்). ஐந்திலும் இரண்டு அணிகளையும் சேர்த்து அவர்தான் முதலிடம். பிளேஆஃப் தொடர் எதிலும் அதற்கு முன் ஒருவர்கூட இதைச் செய்ததில்லை. இதை வைத்துப் பேசுவோமே, வீடியோவை அப்புறம் பார்க்கலாம்.

நீலமும்பொன்னும்:
பேசலாம், தாராளமாகப் பேசலாம், ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் எங்கள் வாரியர்ஸின் டிரேமண்ட் கிரீன் மைதானத்திலேயே இல்லை என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாமே? பக்கத்து பேஸ்பால் ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார் மனுஷன். நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் அவரைத் தாண்டிக் கால் வைத்துப் போனார், இவர் கையை வீசினார், ஆட்டம் முடிந்த பிறகு லீக் உட்கார்ந்து யோசித்து அதை ஃப்ளேக்ரண்ட் ஃபவுல் (முரட்டுத்தனமான ஃபவுல்) ஆக்கியது, பிளேஆஃபில் சேர்ந்த ஃப்ளேக்ரண்ட் புள்ளி நான்கானது, ஒரு ஆட்டம் தடை. எங்கள் டிஃபென்ஸின் மூளையே அவர்தான். போதாததற்கு அதே ஐந்தாவது ஆட்டத்தின் மூன்றாவது குவாட்டரில் கூடைக்கு அடியில் நிற்கும் எங்கள் போகட்டின் முழங்கால் போனது, தொடர் முழுக்க அவர் திரும்பவில்லை. கூடைக்கு அடியில் ஆளே இல்லாத அணிக்கு எதிராக 41 எடுத்ததைச் சரித்திரம் என்றால் எப்படி?

நடுக்கோடு:
அந்த முழு வாதத்தையும் ஏற்கிறேன் என்றே வைத்துக்கொள்வோம். ஆறாவது ஆட்டத்தில் கிரீன் ஆடினாரே, அங்கே என்ன ஆனது? முதல் குவாட்டர் 31-11.

நீலமும்பொன்னும்:
ஆறாவது ஆட்டத்தைப் பற்றி நான் பேசினால் நடுவர்களைப் பற்றிப் பேச வேண்டிவரும், மட்டுறுத்துனர் ஏற்கெனவே ஒரு முறை எச்சரித்திருக்கிறார்.

கூடைக்கிறுக்கன்:
கிரீன் இல்லாததைச் சொல்லாமல் விட்டதற்குக் காரணம் இருக்கிறது, நண்பரே. காயம், தடை என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்தால் அதற்கு முந்தைய வருஷத்திலிருந்து பார்க்க வேண்டும். 2015 ஃபைனல்ஸிலும் இதே இரண்டு அணிகள்தான். கேவ்ஸில் கெவின் லவ் தோள்பட்டைக் காயத்தோடு வெளியே, கைரி இர்விங் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் வெளியே. லெப்ரான் தனி ஆளாகச் சராசரி 35.8 புள்ளி எடுத்தும் 4-2 என்று தோற்றார்கள். அப்போது வாரியர்ஸ் ரசிகர்கள் யாரும் எதிரணியில் ஆள் குறைந்த கோப்பை என்று அதைத் திருப்பித் தந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பயிற்சிக்களம்:
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் கடைசி மூன்று ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் கேவ்ஸ் பந்தை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது வேறாக இருக்கும். முதலில் எல்லாம் லெப்ரான் பந்தை வைத்துக்கொண்டு இகுடாலாவை நேருக்கு நேர் சந்திக்கிறார். இகுடாலா 2015 ஃபைனல்ஸில் எம்விபி (தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியதில் பாதிப் பங்கு லெப்ரானைக் கட்டிப்போட்டதற்காகத்தான், அவரோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. அதனால் பிறகு என்ன செய்தார்கள் என்றால், வாரியர்ஸின் நட்சத்திரம் கர்ரி யாரைக் காவல் காக்கிறாரோ அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் (காவல்காரரின் வழியை மறித்து நிற்பது) போடச் சொன்னார்கள். வாரியர்ஸ் எல்லா ஸ்கிரீனுக்கும் ஆள் மாற்றிக்கொள்ளும் (ஸ்விட்ச்) அணி. மாற்றினால் லெப்ரான் முன்னால் கர்ரி நிற்பார், இல்லையென்றால் கைரி முன்னால் கர்ரி நிற்பார். மாற்றாமல் இரண்டு பேர் லெப்ரானிடம் ஓடி வந்தால் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஒருத்தன் ஆளில்லாமல் நிற்பான், பந்து அவனிடம் போய்விடும். இதை ஒரு முறை இரண்டு முறை இல்லை, வேண்டுமென்றே, ஆட்டம் முழுக்க, சலிக்காமல் செய்தார்கள். இதனால் கர்ரிக்கு ஃபவுல் ஏறியது, கால் சோர்ந்தது, மறுபக்கம் போய் ஷாட் போடும்போது அது தெரிந்தது. ஏழாவது ஆட்டத்தில் அவர் 19 ஷாட்டில் 6தான் போட்டார்.

டிஃபென்ஸில் இன்னொரு பக்கம் இருக்கிறது. கேவ்ஸ் வாரியர்ஸின் ஹாரிசன் பார்ன்ஸைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. "நீ போட்டுக்கொள் தம்பி" என்று விட்டுவிட்டு மற்றவர்கள் உள்ளே குவிந்தார்கள். பார்ன்ஸ் கடைசி மூன்று ஆட்டங்களில் 32 ஷாட்டில் 5 போட்டார். அவர் அந்த ஷாட்களில் இன்னும் நான்கைப் போட்டிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது என்பதும் உண்மை. ஆனால் அப்படி ஒருவரைத் திறந்து விடும் தைரியம் எங்கிருந்து வருகிறது? பின்னால் கூடையைப் பாதுகாக்க ஓர் ஆள் சுற்றிக்கொண்டே இருக்கிறார் என்ற நம்பிக்கையிலிருந்து. அந்த 18 ஸ்டீலும் 16 பிளாக்கும் அங்கேதான் வந்தன.

கைரிகட்சி:
இவ்வளவு எழுதிவிட்டு கைரியை "இல்லையென்றால்" என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டீர்களே அண்ணா. ஐந்தாவது ஆட்டத்தில் கைரியும் 41. ஒரே அணியில் இரண்டு பேர் ஒரே ஃபைனல்ஸ் ஆட்டத்தில் 40 தாண்டியது அதுதான் முதல் முறை. அதுவும் 24 ஷாட்டில் 17 போட்டு. லெப்ரானுக்கு 41 எடுக்க 30 ஷாட் தேவைப்பட்டது. ஏழாவது ஆட்டத்தில் கோப்பையைக் கொண்டுவந்த ஷாட் யாருடையது? 89-89 என்று நாலு நிமிஷமாக ஒரு ஸ்கோரும் நகராமல் கிடக்கிறது, 53 விநாடி இருக்கும்போது கர்ரியின் முகத்துக்கு நேராக மூன்று புள்ளி ஷாட். யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நடுக்கோடு:
கைரி இல்லாமல் கோப்பை இல்லை. லெப்ரான் இல்லாமல் ஃபைனல்ஸே இல்லை.

கைரிகட்சி:
வசனம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தொடர் முழுக்க கைரியின் சராசரி 27.1. லெப்ரானின் 29.7-க்கு எவ்வளவு தூரம்? இந்த இரண்டரைப் புள்ளி வித்தியாசத்துக்கு ஒருவருக்குச் சிலை, இன்னொருவருக்கு "உதவி நடிகர்" பட்டமா?

பயிற்சிக்களம்:
புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் 62 அசிஸ்ட் என்பதும் புள்ளிதானே, இன்னொருத்தர் பெயரில் எழுதப்படுகிறது, அவ்வளவுதான். ஆறாவது ஆட்டத்தில் மூன்றாவது குவாட்டர் கடைசியிலிருந்து நான்காவது வரைக்கும் ஒரு நீண்ட பகுதி இருக்கிறது, கேவ்ஸ் எடுத்த ஒவ்வொரு புள்ளியும் ஒன்று லெப்ரான் போட்டது, இல்லையேல் லெப்ரான் கொடுத்த பாஸில் வந்தது. வாரியர்ஸ் விரட்டிக்கொண்டு கிட்டே வந்த நேரம் அது. அந்த ஆட்டம் 115-101 என்று முடிந்ததால் சுலபமாக ஜெயித்த மாதிரி எல்லோருக்கும் ஞாபகம், அப்படியெல்லாம் இல்லை.

கேவ்ஸின் ட்ரிஸ்டன் தாம்ப்சனையும் யாராவது ஒரு வரி சொல்லுங்கள். அதே ஆட்டத்தில் 15 புள்ளி, 16 ரீபவுண்ட். போகட் இல்லாத இடத்தை முழுக்க ஆண்டது அவர்தான்.

பழையஸ்கோர்போர்டு:
தம்பிகளே, நீங்கள் எல்லோரும் எண்ணிக்கையிலேயே நிற்கிறீர்கள். இழையைத் தொடங்கியவர் "சொந்த மண்" என்று ஒரு சொல் போட்டிருக்கிறார், அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு அந்தத் தொடரின் கனமே அங்கேதான் இருக்கிறது.

கிளீவ்லண்ட் நகரத்துக்குக் கடைசியாகப் பெரிய கோப்பை வந்தது 1964-இல், அமெரிக்கன் ஃபுட்பாலில், பிரவுன்ஸ் அணியால். அதன் பிறகு 52 வருஷம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் சும்மா தோற்றுக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை, கையில் கிடைத்ததை நழுவவிட்டார்கள், அதுதான் கொடுமை. 1989 பிளேஆஃபில் ஜோர்டன் கடைசி விநாடியில் கிரெய்க் ஈலோவுக்கு மேலே எழும்பிப் போட்டது இந்த கேவ்ஸுக்கு எதிராகத்தான். 1997 பேஸ்பால் உலகத் தொடரில் ஏழாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம் வரை முன்னிலையில் இருந்து தோற்றார்கள். நடுவில் பிரவுன்ஸ் அணியையே மூட்டை கட்டிக்கொண்டு பால்டிமோருக்குப் போய்விட்டார் அதன் முதலாளி.

அப்படிப்பட்ட ஊருக்கு 2003-இல் பக்கத்து ஏக்ரனிலிருந்து, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக, ஒரு பையன் டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் முறை) முதல் ஆளாக வருகிறான். 2007-இல் ஃபைனல்ஸ் வரை கொண்டுபோய் ஸ்பர்ஸிடம் 4-0 என்று தோற்கிறான். 2010-இல் தொலைக்காட்சியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி வைத்து, மயாமிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். தெருவில் அவன் ஜெர்சியைக் கொளுத்தினார்கள். அணியின் முதலாளி டான் கில்பர்ட், அவனுக்கு முன்னால் கிளீவ்லண்ட்தான் கோப்பை வெல்லும் என்று பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். நடந்தது என்ன? மயாமியில் அவன் 2012, 2013 என்று இரண்டு கோப்பை வாங்கினான். கில்பர்ட்டின் அணி கீழே கிடந்தது.

2014-இல் திரும்பி வருகிறான். கொளுத்தியவர்களிடமே. அதே முதலாளியிடமே. 3-1 என்று பின்தங்கி நிற்கும்போது அந்தப் பழைய பாக்கி எல்லாம் தலைமேல் இருந்திருக்காதா? வேறு ஊரிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த ஆட்டக்காரர் தோற்றால் அடுத்த வருஷம் வேறு ஊர். இவனுக்கு அந்த வசதி ஒரு தரம்தான் கிடைத்தது, 2010-இல், அதைச் செலவழித்தாயிற்று. அதனால்தான் அந்தக் கடைசி மூன்று ஆட்டங்களை நான் வெறும் எண்ணாகப் பார்ப்பதில்லை.

திருத்தல்வாதி:
ஒரு சின்ன விஷயம். லெப்ரான் கிளீவ்லண்ட்காரர் இல்லை, ஏக்ரன்காரர். இரண்டு ஊருக்கும் நடுவே அறுபது கிலோமீட்டருக்குக் குறையாது. சின்ன வயதில் அவர் ரசித்தது நியூயார்க் யாங்கீஸ், டல்லஸ் கவ்பாய்ஸ், சிகாகோ புல்ஸ். 2007-இல் கிளீவ்லண்ட் பேஸ்பால் அணியின் பிளேஆஃப் ஆட்டத்துக்கு யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு வந்து எல்லோரையும் எரிச்சலூட்டியவர் இவர்தான். சொந்த மண் என்பதைக் கொஞ்சம் பார்த்துப் பேசுவோம்.

நீலமும்பொன்னும்:
அப்படியே இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஸ்டெஃப் கர்ரி பிறந்ததும் ஏக்ரனில்தான், 1988-இல். அவர் அப்பா டெல் கர்ரி அப்போது கேவ்ஸுக்கு ஆடிக்கொண்டிருந்தார். ஆக இரண்டு பக்கமும் உள்ளூர்க்காரர்தான், போங்கள்.

பழையஸ்கோர்போர்டு:
பிறந்ததால் யாரும் உள்ளூர்க்காரர் ஆகிவிட மாட்டார், தம்பி. கர்ரி கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது, வளர்ந்தது சார்லட்டில். லெப்ரான் ஏக்ரனிலேயே, வாடகை வீடு வாடகை வீடாக மாறிக்கொண்டே, அம்மா ஒருத்தியின் கையில் வளர்ந்தவர். செயின்ட் வின்சென்ட் செயின்ட் மேரி பள்ளியில் அவர் ஆடிய ஆட்டங்களையே தேசிய தொலைக்காட்சியில் போட்டார்கள். அந்தப் பகுதி மக்கள் அவரைப் பதினாறு வயதிலிருந்து பார்க்கிறார்கள். அதனால்தான் 2010-இல் அவ்வளவு கோபம். அந்நியன் போனால் யாரும் ஜெர்சியைக் கொளுத்த மாட்டார்கள். யாங்கீஸ் தொப்பிக்கு வந்த எரிச்சலும் இந்த வகைதான், வீட்டுப் பிள்ளை மேல் வரும் எரிச்சல்.

திருத்தல்வாதி:
இதை ஏற்கிறேன். அறுபது கிலோமீட்டர் மட்டும் அப்படியே இருக்கட்டும்.

மூணாவதுகுவாட்டர்:
சொந்த ஊர் என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன், பெண்கள் லீக்கின் கேண்டஸ் பார்க்கரை ஏன் யாரும் சொல்வதில்லை? சிகாகோவை ஒட்டிய நேப்பர்வில்லில் வளர்ந்தவர். 13 சீசன் லாஸ் ஏஞ்சலிஸில் ஆடிவிட்டு 2021-இல் சிகாகோ ஸ்கைக்குத் திரும்பினார், வந்த முதல் வருஷமே கோப்பை. அந்த அணி லீக் ஆட்டங்களில் 16 வென்று 16 தோற்றது, அதாவது பிளேஆஃபுக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்த அணி. ஃபைனல்ஸில் ஃபீனிக்ஸ் மெர்குரியை 3-1 என்று தோற்கடித்தது. கடைசி ஆட்டத்தில் பார்க்கர் 16 புள்ளி, 13 ரீபவுண்ட். ஆனால் அந்த ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்துக் காப்பாற்றியது ஆலி குவிக்லி, அவரும் பக்கத்து ஜோலியட்காரர். எம்விபி வாங்கியவர் காலியா காப்பர்.

இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், திரும்பி வந்த பெரிய நட்சத்திரம் எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்று இல்லை. பார்க்கர் வந்ததும் மற்றவர்கள் நன்றாக ஆடினார்கள். லெப்ரான் கதையில் எல்லாம் ஒரே ஆள் தோளில்.

கைரிகட்சி:
ஒரே ஆள் தோளில் இல்லை என்றுதான் நான் அரை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

கூடைக்கிறுக்கன்:
பார்க்கரை இங்கே கொண்டுவந்ததற்கு நன்றி, 16-16 என்ற அணி கோப்பை வாங்கியது தனி இழைக்கு உரியது, தொடங்குங்கள், வருகிறேன். ஆனால் இரண்டும் ஒரே வகை இல்லை. பார்க்கர் போகும்போது யாரும் அவரைத் திட்டவில்லை, அவர் தொழில் வாழ்க்கையே வேறு ஊரில்தான் தொடங்கியது. அவர் யாருக்கும் கடன் பட்டிருக்கவில்லை.

இரவுப்பறவை:
எல்லோரும் பிளாக்கைப் பற்றிப் பேச வேண்டாம் என்கிறீர்கள், நான் பேசப்போகிறேன், திட்டினாலும் பரவாயில்லை. அது கோல்டெண்டிங்தானே? பந்து பேக்போர்டில் பட்ட பிறகுதானே கை வந்தது?

ஓரநடுவர்:
இதற்குப் பதில் சொல்லாமல் என்னால் தூங்க முடியாது. விதி இதுதான்: கூடை வளையத்தின் மட்டத்துக்கு மேலே பந்து பேக்போர்டில் பட்டுவிட்டால் அதன் பிறகு டிஃபென்ஸ்காரர் அதைத் தொடக் கூடாது, பந்து மேலே போகிறதா கீழே வருகிறதா என்பதே கேள்வி இல்லை. தொட்டால் கோல்டெண்டிங், இரண்டு புள்ளி. ஆக லெப்ரானின் கை பந்தை முதலில் தொட வேண்டும், அப்புறம் இரண்டும் சேர்ந்து கண்ணாடியில் மோத வேண்டும். மெதுவாக ஓட்டிப் பாருங்கள், கைதான் முதலில். வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் சரியான பக்கம்.

அந்த மயிரிழை எப்படிக் கிடைத்தது என்பதுதான் எனக்கு சுவாரசியம். கேவ்ஸின் ஜே.ஆர். ஸ்மித் முன்னால் நின்று பந்தைத் தட்டப் பார்த்தார், இகுடாலா அவரைத் தவிர்க்கப் பந்தைக் கீழே இறக்கி மறுபடி ஏற்றினார். அந்த ஒரு கணத் தாமதம் இல்லாவிட்டால் பந்து கண்ணாடியில் பட்டு உள்ளே போயிருக்கும். எல்லாப் படத்திலும் ஸ்மித் ஓரத்தில் நிற்கிறார், யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை.

கைரிகட்சி:
அந்த ஃபாஸ்ட் பிரேக் (வேகமான எதிர்த்தாக்குதல்) தொடங்கியது கைரி தவறவிட்ட ஷாட்டில்தான் என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

மட்டுறுத்துனர்:
ஜோர்டன் பெரியவரா லெப்ரான் பெரியவரா என்று தொடங்கிய ஏழு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடுங்கள். இங்கே 2016 மட்டும்.

பயிற்சிக்களம்:
ஏழாவது ஆட்டத்தில் பிளாக்குக்கும் கைரியின் ஷாட்டுக்கும் முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டோம். நான்காவது குவாட்டரில் கிட்டத்தட்ட ஐந்தரை நிமிடம் இருக்கிறது, வாரியர்ஸ் 87-83. போகட் இல்லாததால் ஃபெஸ்டஸ் எஸிலியை இறக்கியிருந்தார் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர். ஸ்கிரீன் போட்டு எஸிலியை லெப்ரான் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். லெப்ரான் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே ஷாட் போடுவது போல் பாவனை காட்டினார், எஸிலி குதித்து மேலே விழுந்தார், மூன்று ஃப்ரீ த்ரோ, மூன்றும் உள்ளே. சற்று நேரத்தில் மறுபடி எஸிலி, இந்த முறை நேராகவே மூன்று புள்ளி ஷாட். 89-87. கிளே தாம்ப்சன் ஒரு லே-அப் போட்டு 89-89 ஆக்கினார், அதோடு 4 நிமிடம் 39 விநாடி வாரியர்ஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

அந்த ஆட்டத்தில் லெப்ரானின் ஷாட் நன்றாக இல்லை, 24-இல் 9தான். ஆனால் எங்கே பலவீனம் என்று தேடிப்பிடித்து, அதே இடத்தில் இரண்டு தரம் அடித்து, ஆறு புள்ளி எடுத்துவிட்டார். என் பிள்ளைகளுக்கு நான் பிளாக்கைக் காட்டுவதில்லை, அந்த மாதிரி குதிக்க ஒருவராலும் முடியாது. எஸிலிப் பகுதியைத்தான் காட்டுகிறேன். அதைக் கற்றுக்கொள்ளலாம்.

நீலமும்பொன்னும்:
எஸிலியை ஞாபகப்படுத்தாதீர்கள் சார். கெர் அவரை ஏன் அந்த நேரத்தில் வைத்திருந்தார் என்று இன்றைக்கும் எங்கள் குழுவில் சண்டை நடக்கிறது.

அப்புறம் ஒரு நியாயம் கேட்கிறேன். அந்த ஏழாவது ஆட்டத்தில் கிரீன் 32 புள்ளி, 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட், மூன்று புள்ளி ஷாட் 8-இல் 6. இடைவேளைக்குள்ளேயே 22 புள்ளி. வாரியர்ஸ் ஐந்து புள்ளி கூடுதலாக எடுத்திருந்தால் இதே மாதிரி ஒரு இழை அவர் பெயரில் ஓடியிருக்கும், ஐந்தாவது ஆட்டத் தடையை ஈடுகட்ட வந்த மனிதர் என்று கதையும் தயாராக இருந்திருக்கும். தோற்றதால் அந்த ஆட்டத்தை அவர் ரசிகர்களே மறந்துவிட்டார்கள்.

நடுக்கோடு:
இது நல்ல கேள்வி. தோற்ற அணியில் இருந்து ஃபைனல்ஸ் எம்விபி வாங்கியது இன்றுவரை ஒரே ஒருவர், 1969-இல் ஜெர்ரி வெஸ்ட், செல்டிக்ஸிடம் லேக்கர்ஸ் தோற்ற தொடர். அதுவும் அந்த விருது கொடுக்க ஆரம்பித்த முதல் வருஷம். 2015-இல் லெப்ரானுக்குப் பதினோரு ஓட்டில் நான்கு வந்தது, இகுடாலா ஏழு ஓட்டில் வாங்கிப்போனார். 2016-இல் லெப்ரானுக்கு எல்லா ஓட்டும். என்னைக் கேட்டால் இரண்டு வருஷமும் ஏறக்குறைய ஒரே தரமான ஆட்டம், முடிவு மட்டும்தான் வேறு.

கூடைக்கிறுக்கன்:
இல்லை, ஒரே தரம் இல்லை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2015-இல் 35.8 புள்ளி எடுக்க அவர் ஓர் ஆட்டத்துக்கு முப்பது ஷாட்டுக்கு மேல் போட்டார், பத்தில் நான்குதான் உள்ளே போனது. ஆள் இல்லாததால் வேறு வழி இல்லை, இழுத்துக்கொண்டு போனார். 2016-இன் கடைசி மூன்று ஆட்டங்களில் சராசரி 36.3 புள்ளி, 11.7 ரீபவுண்ட், 9.7 அசிஸ்ட், அதுவும் முதல் இரண்டில் பாதிக்கு மேல் ஷாட் உள்ளே. முதல் வருஷம் பாரம் சுமந்தவர், அடுத்த வருஷம் எங்கே இடித்தால் சுவர் விழும் என்று தெரிந்து இடித்தவர்.

பழையஸ்கோர்போர்டு:
ஏழு ஆட்டத்தின் மொத்த ஸ்கோரைக் கூட்டிப் பார்த்திருக்கிறீர்களா யாராவது? கேவ்ஸ் 703, வாரியர்ஸ் 699. அந்த 89-89 நேரத்தில் தொடர் முழுவதற்குமே இரண்டு அணியும் 699, 699 என்று சமம். கடைசி நாலு புள்ளி: கைரியின் மூன்று, அப்புறம் கிரீன் மேல் ஏறி டங்க் போடப் போய்க் கையை ஊன்றி விழுந்த லெப்ரான், வலியோடு எழுந்து 10.6 விநாடி இருக்கும்போது இரண்டு ஃப்ரீ த்ரோவில் ஒன்றைத் தவறவிட்டு ஒன்றைப் போட்டது.

கைரிகட்சி:
நாலில் மூன்று கைரி. பதிவு செய்துகொள்ளுங்கள்.

இரவுப்பறவை:
கெவின் லவ் கர்ரியைத் தடுத்ததையும் பதிவு செய்யுங்கள். இரண்டாவது ஆட்டத்தில் தலையில் அடிபட்டு மூன்றாவதில் ஆடாதவர், மெதுவாக நகர்கிறவர் என்று எல்லோரும் கிண்டல் செய்தவர். கடைசி நிமிடத்தில் ஸ்விட்ச் ஆகி கர்ரி முன்னால் மாட்டிக்கொண்டார், கர்ரி இடம் வலம் ஆடிப் பார்த்தும் நகரவில்லை, ஷாட் வெளியே. அதே ஆட்டத்தில் 14 ரீபவுண்ட் வேறு.

பயிற்சிக்களம்:
இவர்கள் தொடர் முழுக்க கர்ரியைத் தேடிப் போய் ஸ்விட்ச் செய்ய வைத்தார்கள், கடைசியில் கர்ரி லவ்வைத் தேடிப் போய் ஸ்விட்ச் செய்ய வைத்தார். வைத்தியம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், மருந்து ஒரு பக்கம்தான் வேலை செய்தது.

நீலமும்பொன்னும்:
சரி, ஐந்தாவதும் ஆறாவதும்தான் உண்மையான கதை என்பதை யோசிக்கிறேன், ஆறாவது ஆட்டத்தை இந்த வாரம் முழுசாகத் திரும்பப் பார்க்கவும் செய்கிறேன். ஆனால் அந்த ஆட்டத்தில் கர்ரிக்குக் கொடுத்து அவரை வெளியேற்றிய ஆறாவது ஃபவுல் ஃபவுலே இல்லை. பந்தைத்தான் தட்டினார். வாய்க்கவசத்தைத் தூக்கி எறிந்ததற்கு 25,000 டாலர் அபராதம் கட்டினார், அது நியாயம். ஃபவுல் நியாயம் இல்லை. இதில் எந்த மாற்றமும் கிடையாது.

ஓரநடுவர்:
ஃபவுல்தான். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள், மணிக்கட்டு. அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்.